இரண்டு சபைக்கும் குடல் விற்ற ஃபினா

ஃபினா தெல்மாஸ் எங்கள் காஸ்தெல்வியே ஊரில் குடல் விற்றாள். மாட்டுக்குடல், ஆட்டுக்குடல், இரைப்பை, கால், எது கேட்டாலும் அவளிடம் கிடைக்கும். ஆற்று வாசலுக்கு வெளியே, கசாப்புக்கூடத்தை ஒட்டி அவள் கொட்டகை. அதற்கு அடுத்தது என்னுடையது. வீடுகளுக்குக் கொழுப்பிலும் கோயிலுக்குத் தேன்மெழுகிலும் மெழுகுவர்த்தி ஊற்றுவது என் பிழைப்பு. கொழுப்பு உருகும் நாற்றமும் குடல் அலசும் நாற்றமும் சேர்ந்து அடித்ததில், எங்கள் இரண்டு பேருக்கும் வேறு அண்டைவீட்டார் வாய்க்கவே இல்லை.

ஆள் குட்டை. தோள் மட்டும் படகுச் சுமைகாரனுக்கு இருப்பதுபோல அகலம். கல்யாணமான மறுவருஷமே புருஷன் வண்டியோடு வெள்ளத்தில் போய்விட்டான். அதற்குப் பிறகு பெண் கேட்டு வந்தவர்களிடமெல்லாம், "முதல்ல ஒரு நாள் உள்ள வந்து குடல் சுரண்டு. அப்புறம் பேசலாம்" என்றாள். ஒருவனும் மதியச் சாப்பாட்டைத் தாண்டவில்லை.

அவள் வாயைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சத்தியம் பண்ணாமல் அவளுக்கு ஒரு வாக்கியம் முடியாது. அதுவும் சும்மா சத்தியம் இல்லை. புனிதர்களின் உடம்பில் ஒவ்வொரு பாகமாகப் பிடித்து இழுப்பாள். ரோக்கு புனிதரின் தொடை, லூசியா புனிதையின் கண், பார்த்தலோமேயு புனிதரின் தோல். ஒரு காலை நேரம் அவள் கடையில் நின்றால் போதும், பாதி மோட்சத்தைத் துண்டு துண்டாகப் பார்த்துவிடலாம்.

அப்போது எங்கள் ஊரில் இரண்டு சபை. பழைய கோயிலில் பூசை காண்கிறவர்கள் ஒரு பக்கம். பூசையும் வேண்டாம், சாமியாரும் வேண்டாம், வேதப்புத்தகமும் அதிலுள்ள சங்கீதப் பாட்டுகளும் போதும் என்று ஜெபக்கூடம் கட்டிக்கொண்டவர்கள் இன்னொரு பக்கம். அவர்களை ஊகனோக்கள் என்று வெளியூரில் சொல்வார்கள். எங்களுக்குச் சங்கீதக்காரர்கள். வேலை செய்யும்போதும் பாடுவார்கள், நடக்கும்போதும் பாடுவார்கள், எங்களை வெறுப்பேற்ற வேண்டும் என்றால் கோயில் வாசலில் வந்து நின்றும் பாடுவார்கள். நாங்கள் மட்டும் சும்மா இருந்தோமா? அவர்கள் கூடம் முன்னால் ஊர்வலத்தை நிறுத்தி மணியடிப்போம்.

ஃபினா பூசைக்காரிதான். பிறந்த சபை அது, அவ்வளவுதான். கிறிஸ்துமசுக்கும் உயிர்ப்புப் பெருநாளுக்கும் கோயிலுக்குப் போய்த் தூணில் சாய்ந்து தூங்குவாள். சங்கீதக்காரர்கள் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. காரணம் வெள்ளிக்கிழமை. எங்கள் சபையில் வெள்ளியன்று கவிச்சி கூடாது, கடையைச் சாத்த வேண்டும். அவர்களுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் வெள்ளிதோறும் அவள் கொட்டகையின் பின்வாசல் திறந்திருக்கும்.

இது பொன்ஸ் சாமியாருக்குத் தெரியாமல் இருக்குமா? மெலிந்த மனிதர், பெரிய மூக்கு. ஊரில் யார் அடுப்பில் என்ன வேகிறது என்று வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

"ஃபினா, வெள்ளிக்கிழமை குடல் வித்தியாமே?"

"நான் எங்க சாமி வித்தேன்? அவங்க வந்து வாங்கினாங்க."

"பின்வாசல் ஏன் திறந்திருந்தது?"

"நாத்தம் போக, சாமி."

தண்டனையாக மாதா பீடத்தில் ஒரு தேன்மெழுகுவர்த்தி வைக்கச் சொல்வார். அதை அவள் என்னிடம்தான் வாங்குவாள். அந்த வருஷங்களில் என் வியாபாரம் பாதி அவள் பாவத்தில் ஓடியது.

சங்கீதக்காரர்களில் அவளைக் கண்டாலே ஆகாதவள் ஒருத்தி உண்டு. நீலச்சாய வியாபாரியின் மனைவி செரீனா. உயரமான பெண், கறுப்பு உடை, எப்போதும் இழுத்துக் கட்டிய தலைத்துணி. அவளுடைய புளித்த முகத்துக்கு ஃபினா வைத்த பெயர் காடிக்குடம். ஒரு நாள் சந்தையில் நடுத்தெருவில் நின்று அவள் ஃபினாவைப் பிடித்துக்கொண்டாள்.

"புனிதர்களோட தொடையையும் கண்ணையும் இப்படித் தெருவுல இழுக்குறியே, உனக்கு வெக்கமா இல்லையா?"

"உங்க சபையில புனிதரே கிடையாதுன்னு சொன்னாங்களே செரீனாம்மா. இல்லாத ஆளோட தொடைக்கு நீங்க ஏன் கவலப்படுறீங்க?"

சந்தையே சிரித்தது. அன்றிலிருந்து செரீனா அவள் கடைப்பக்கம் திரும்பவில்லை. குடல் வாங்க வேலைக்காரியை அனுப்பினாள்.

இப்படிச் சிரிப்பும் சீண்டலுமாகவே காலம் போயிருக்கும். ஒரு கோடைக்கடைசியில் பாரிசிலிருந்து சேதி வந்தது. அரண்மனைக் கல்யாணத்துக்குப் போன சங்கீதக்காரப் பிரபுக்களை வெட்டிவிட்டார்கள், பிறகு அங்கே தெருத்தெருவாக அந்தச் சபைக்காரர்கள் எல்லாரையும் வெட்டினார்கள் என்று. எங்கள் ஊரில் திராட்சை பறிக்கத் தொடங்கிய சமயத்தில் வெளியூர்க் கூலிப்படை ஒன்று வந்து இறங்கியது. வாசலைத் திறந்துவிட்டவர்கள் எங்கள் ஆட்கள். வீடுகளைக் காட்டிக்கொடுத்தவர்களும் எங்கள் ஆட்களே. பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அஸெமார் வாத்தியாரைப் பாலத்திலிருந்து தள்ளினார்கள். தள்ளியவர்களில் இருவர் அவரிடம் எழுத்துப் படித்தவர்கள். அவர் ஒருமுறை மேலே வந்து கையை நீட்டினார். நான் என் கொட்டகை வாசலில் நின்று அதைப் பார்த்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை.

அன்று முற்பகலில் செரீனா ஆற்று வாசல் வழியாக ஓடிவந்தாள். ஒரு காலில்தான் செருப்பு. தலைத்துணியைக் காணோம். புருஷன் சரக்கோடு மொந்தோபானுக்குப் போயிருந்தான். பின்னால் கதவு உடையும் சத்தம். அவள் முதலில் என்னைப் பார்த்தாள். என்னிடம் இருந்ததெல்லாம் கொதிக்கிற கொழுப்புக் கொப்பரை. அதற்குள் ஃபினா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள்.

"ஏறுங்க."

"எதுல?"

"பீப்பாய்ல."

"இதுக்குள்ளயா? கர்த்தரே!"

"கர்த்தர் ஒரு ஆளை மீன் வயித்துக்குள்ளயே வெச்சிருந்தாருன்னு நீங்கதானே பாடிக்கிட்டுத் திரியுறீங்க. இது மாட்டு வயிறு. ஏறுங்கம்மா!"

செரீனா இறங்கிக் குந்தினாள். ஃபினா மேலே ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் அலசாத எருதுக்குடலைக் கூடையோடு கவிழ்த்தாள். கவிழ்த்து முடிக்கவும் ஆட்கள் வரவும் சரியாக இருந்தது. முன்னால் வந்தவன் சேணம் தைக்கும் குய்ரால், எங்கள் ஊர்க்காரன். சனிக்கிழமை தவறாமல் அவளிடம் குடல் தின்கிறவன். அவனோடு கூலிப்படையாள் ஒருவன், கையில் ஈட்டி.

"ஃபினாக்கா, செரீனா இந்தப் பக்கம் வந்தாளா?"

"வந்தா. தண்ணி மேலயே நடந்து அக்கரைக்குப் போயிட்டா."

"விளையாடாதக்கா. பீப்பாய்ல என்ன?"

"குடல். உங்கம்மாவுக்கு அலசாம குடுத்தா பிடிக்குமா, அலசித் தரணுமா?"

"பாக்கணும்."

"பாரேன். கைய விட்டுத் தோண்டிப் பாரு. ரோக்கு புனிதரோட தொடை மேல சத்தியமா, நான் தடுக்க மாட்டேன்."

குய்ராலுக்குக் கை வரவில்லை. ஈட்டிக்காரனுக்குப் பொறுமை இல்லை. ஓங்கி ஒரு குத்துக் குத்தினான். ஈட்டி பலகையில் போய் நின்றது. ஆனால் போகிற வழியில் நன்றாக உப்பியிருந்த ஒரு பெருங்குடலைக் கிழித்துக்கொண்டு போனது. அதற்குள் இருந்ததெல்லாம் அவன் முகத்தில், வாயில், மார்புக் கவசத்துக்குள். அவன் ஆற்றை நோக்கி ஓடிய ஓட்டத்தை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். அன்று சிரிக்க முடியவில்லை. குய்ரால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே போனான்.

பலகையை எடுத்தபோது செரீனா தன் கையைத் தானே கடித்துக்கொண்டிருந்தாள். ரத்தம் வந்திருந்தது.

உடனே எங்கும் போக வழியில்லை. ஆற்றுத்துறையில் காவல் போட்டிருந்தார்கள். அதனால் ஃபினா அவளுக்குத் தன் பழைய பாவாடையைக் கொடுத்து, முகத்தில் கரி பூசி, குடல் சுரண்ட உட்கார வைத்தாள். மலைப்பக்கத்துச் சொந்தக்காரி, வாய் பேசாதவள் என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்லி வைத்தாள்.

"ஊமைன்னு சொல்லியிருக்கேன் செரீனாம்மா. தயவு பண்ணி அதைக் காப்பாத்துங்க."

செரீனா வாயைக் காப்பாற்றினாள். மூக்கைக் காப்பாற்ற முடியவில்லை. கை வேலையில் இறங்கியதும் தன்னையறியாமல் சங்கீதத்தை முனக ஆரம்பித்துவிடுவாள். ஒருநாள் ரொட்டிக்காரன் மனைவி காதைத் தீட்டிக்கொண்டு, "ஏய், உங்க ஊமை பாடுது!" என்றாள்.

"அது பாட்டில்லக்கா, வயித்துவலி. குடல் தின்னு பழக்கமில்ல அவளுக்கு" என்றாள் ஃபினா.

அன்று கடை சாத்தியபின் இருவருக்கும் நடந்த சண்டை என் கொட்டகை வரை கேட்டது.

"உயிரோட இருக்கணுமா, பாடணுமா?"

"பாடாம எனக்குப் பயமா இருக்கு, ஃபினா."

ஃபினா அகப்பையைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. "சரி, அப்ப என் காதுல மட்டும் விழுற மாதிரி பாடுங்க" என்றாள். பிறகு குங்குமப்பூ போட்டுக் கொதித்த குடல் வாசம் வந்தது. சண்டை முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

காவல் தளர்ந்ததும் உப்புக்கண்டப் பீப்பாய்களோடு அவளையும் ஒரு பீப்பாயில் வைத்து, மொந்தோபானுக்குப் போகிற படகில் ஏற்றினோம். அங்கே சங்கீதக்காரர் கை ஓங்கியிருந்தது. மூடியை வைப்பதற்கு முன் செரீனா தலையை நீட்டினாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஃபினா, இனிமேலாவது சத்தியம் பண்ணாத."

"பண்ணல. லூசியா கண்ணு மேல சத்தியம்."

படகு போனது. ஃபினா துறையில் நின்று மூக்கைச் சிந்தினாள். காற்று ஈரம் என்றாள்.

இரண்டு குளிர்காலம் போனது. பிறகு ஒரு வசந்தகாலத்து விடியலில் சங்கீதக்காரப் படை ஏணி வைத்து மதிலேறி ஊரைப் பிடித்தது. இப்போது எங்கள் பக்கத்து வீடுகளின் கதவுகள் உடைந்தன. கோயிலில் இருந்த சிலைகளைச் சம்மட்டியால் நொறுக்கினார்கள். மணியடித்து ஊரை எழுப்பப் போன கிழவர் வீதாலைக் கயிற்றடியிலேயே குத்திப்போட்டார்கள். அவர் ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவர். அஸெமார் வாத்தியாரோடு உட்கார்ந்து சொக்கட்டான் ஆடியவர்.

பொன்ஸ் சாமியார் கழிவுநீர்க்கால் வழியாகத் தவழ்ந்து, ஃபினாவின் பின்வாசலில் வந்து விழுந்தார். எந்தப் பின்வாசலுக்காக அத்தனை மெழுகுவர்த்தி வைக்கச் சொன்னாரோ, அதே பின்வாசல்.

"மகளே, காப்பாத்து."

"பீப்பாய்ல இறங்குங்க சாமி. ஆனா இன்னைக்கு வெள்ளிக்கிழமை. குடலுக்குள்ள இறங்குனா பாவமாச்சே?"

"தின்னாத்தான் பாவம். இறங்கலாம், இறங்கலாம்" என்று சொல்லிக்கொண்டே அவர் ஏற்கெனவே இறங்கியிருந்தார்.

பலகையைப் போட்டாள். மேலே கவிழ்க்கக் குடல் இல்லை. கலவரத்தில் அன்று கசாப்புக்கூடமே திறக்கவில்லை. அடுப்பில் முந்தின நாள் வாங்கியது மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. வெறும் பலகை, கீழே சாமியார். படைத்தலைவனும் நான்கு வீரர்களும் அதற்குள் உள்ளே வந்துவிட்டார்கள்.

"பீப்பாயைத் திற" என்றான் தலைவன்.

ஃபினா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அத்தனை வருஷத்தில் அவள் பேச்சற்று நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

அந்த நேரத்தில் வாசலில் ஓர் உயரமான உருவம். கறுப்பு உடை, இழுத்துக் கட்டிய தலைத்துணி. மொந்தோபானிலிருந்து படைக்குப் பின்னாலேயே குடும்பங்களை ஏற்றிக்கொண்டு வந்த முதல் படகில் வந்திறங்கி, தன் வீட்டைக்கூடப் பார்க்காமல் நேரே இங்கே வந்திருக்கிறாள். செரீனா ஃபினாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பீப்பாயைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாத பீப்பாயா அது?

அஸெமார் வாத்தியாரைக் கொன்றதற்குக் கணக்குத் தீர்க்க இந்தப் பெண்ணுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

"தள்ளுப்பா" என்று வீரனை ஒதுக்கிவிட்டு, சால்வையை மடித்துப் பலகைமேல் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "ஃபினா, படகுல வந்தது பசிக்குது. குங்குமப்பூ போட்டிருந்தா ஒரு கிண்ணம் குடு."

தலைவன் தயங்கினான். "அம்மா, நாங்க பாதிரியைத் தேடுறோம்."

"தேடுங்க. நான் சாப்பிட்டா உங்களுக்குத் தேட வராதா?"

"அந்தப் பீப்பாய்..."

"தம்பி, நான் இந்தக் கொட்டகையிலதான் ஒளிஞ்சிருந்தேன். இங்க இருக்குற சந்துபொந்து எல்லாம் எனக்கு அத்துப்படி. இங்க ஒருத்தர் ஒளிஞ்சா எனக்குத் தெரியாமப் போகுமா?"

நன்றாகக் கவனித்தால் அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஃபினாவுக்கு அதற்குள் நாக்கு திரும்பிவிட்டது. கிண்ணத்தை நீட்டியபடியே, "நீங்களும் உக்காருங்க தம்பிகளா. விடியறதுக்கு முன்னாடியே ஏணி ஏறினீங்களாமே, வயிறு காஞ்சிருக்கும்" என்றாள். வீரர்கள் தலைவனைப் பார்த்தார்கள். தலைவன் பானையைப் பார்த்தான். எல்லாரும் உட்கார்ந்தார்கள். பானை காலியானது. போகும்போது தலைவன் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லிவிட்டுப் போனான்.

முந்தின நாளிலிருந்து பட்டினி கிடந்த சாமியார், ஈட்டியைவிட அந்தக் குங்குமப்பூ வாசம்தான் தன்னை அதிகமாகக் கொன்றது என்று பிற்பாடு சொன்னார்.

அவரையும் உடனே அனுப்ப முடியவில்லை. அதே பாவாடை, அதே கரி. தாடியை நான்தான் மழித்தேன். கொட்டகை மூலையில் உட்கார்ந்து அவர் குடல் சுரண்டினார், மோசமாகச் சுரண்டினார். செரீனா எதையாவது சாக்கிட்டு வந்து எதிரில் உட்காருவாள். இரண்டு பேருக்கும், செத்தவர்கள் மோட்சத்துக்கு முன் பாவம் கழிக்கிற உத்தரிக்கிற ஸ்தலம் உண்டா இல்லையா என்று சண்டை தொடங்கிவிடும். முதலில் கிசுகிசுப்பில், போகப்போகக் கத்தலில்.

"வேதத்துல எங்க இருக்கு, காட்டுங்க!"

"சபை சொல்லுதும்மா, சபை!"

ஃபினா அகப்பையை எடுத்துப் பலகையில் ஓங்கி அடித்தாள். "உத்தரிக்கிற ஸ்தலம் இதுதான், நீங்க ரெண்டு பேரும் என் கடையில உக்காந்திருக்கிறதுதான். அந்தக் குடலப் புடிங்க, சுரண்டுங்க!"

மூன்றாம் வாரமோ என்னவோ, கழுதை வண்டிக்காரன் ஒருவனோடு சாமியார் கிழக்கே எங்கள் சபை ஊர் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தார். செரீனாவின் புருஷன் பெயரைச் சொன்னதால்தான் ஊர் வாசல் காவலர்கள் வண்டியை விட்டார்கள்.

இது எப்படியோ கசிந்தது. செரீனாவை அவள் சபைப் பெரியவர்கள் அழைத்து விசாரித்தார்கள். நம் ஆட்கள் கடமையைச் செய்துகொண்டிருந்தபோது நீ ஏன் பூசைக்காரி கடையில் உட்கார்ந்து தின்றாய் என்று கேட்டார்களாம். "பசிச்சுது" என்றாளாம். எத்தனை விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டும் அந்த ஒரு பதில்தான். கடைசியில் அவர்களே களைத்துப்போய், இனி அதிகம் பசிக்காமல் பார்த்துக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள்.

பிறகு ராஜாவின் ஆட்கள் சமாதானம் பேசினார்கள். சாமியார் திரும்பி வந்தார். முதல் ஞாயிறு பூசையில் பிரசங்கம் வைத்தார். தன்னைக் காப்பாற்றிய அந்தோனியாருக்கு நன்றி, மிக்கேல் சம்மனசுக்கு நன்றி என்று அடுக்கிக்கொண்டே போனார். தூணில் சாய்ந்திருந்த ஃபினா விழித்துக்கொண்டாள்.

"அந்தோனியார் எப்ப சாமி குடல் சுரண்டுனாரு?"

கோயில் முழுக்கச் சிரிப்பு. சாமியார் சிவந்துபோய், நன்றிப் பட்டியலில் அவள் பெயரையும் சேர்த்தார். செரீனா பெயரைச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் ஃபினா முறைத்த முறைப்பில், "மற்ற நல்லெண்ணம் உள்ளவர்களுக்கும்" என்று முணுமுணுத்தார்.

சமாதானத்துக்குப் பிறகு ஊர் மன்றத்தில் இரண்டு சபைக்கும் சரிபாதி இடம். கோயில் மணி எப்போது அடிக்கலாம் என்பதில் இழுபறி. இடுகாட்டைப் பிரிப்பதில் இழுபறி. எதிலும் ஒத்துப்போகவில்லை. அவர்கள் கைதூக்கி ஒரே மனதாக நிறைவேற்றிய முதல் தீர்மானம், ஃபினாவின் குடல் கொட்டகையை ஆலைக்குக் கீழே தள்ளி வைக்க வேண்டும் என்பது. நாற்றம் தாங்கவில்லையாம்.

அவள் அழுவாள், இல்லையென்றால் மன்றத்துக்குள் புகுந்து யார் சட்டையையாவது பிடிப்பாள் என்று பயந்தேன். இடுப்பில் கைவைத்து அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பீப்பாய் அதிர்ந்தது.

"டேய் மெழுகு, பாத்தியா? நாலு ராஜா, ஒரு போப்பு, ஊர்ப்பட்ட பிரசங்கி, யாராலயும் இவனுங்கள ஒண்ணு சேக்க முடியல!"

ஆலைக்குக் கீழே தண்ணீர் இன்னும் நன்றாகவே ஓடியது. அங்கே மணிச்சத்தமும் எட்டாது, சங்கீதமும் எட்டாது. நிம்மதியாக இருக்கிறது என்றாள். நானும் என் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டேன்.

பல வருஷம் கழித்து, பனி கடுமையாகப் பெய்த ஒரு மாதத்தில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. சாமியார் கோவேறு கழுதையில் வந்து இறங்கினார், சாகிறவர்களுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதல் கொடுக்க. செரீனா ஏற்கெனவே தலைமாட்டில் இருந்தாள். எண்ணெய்க் கிண்ணத்தைக் கண்டதும் எழுந்து வெளியே போனாள். அவள் சபைக்கு அது ஆகாது. நான் எட்டிப் பார்த்தேன். பனியில், கழுதையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடுங்கிக்கொண்டு, முனகிக்கொண்டு நின்றாள். அது சங்கீதமா குளிரா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

சாமியார் வெளியே வந்து, "போம்மா, உள்ள போ. உன்னத்தான் கேக்குறா" என்றார்.

ஃபினா அன்று பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். கடைசிவரை செரீனாவின் கை அவள் கைக்குள் இருந்தது. என்ன பேசிக்கொண்டார்கள் என்று செரீனா யாரிடமும் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை நான் கேட்டபோது, "சத்தியம் பண்ணா" என்றாள். "எது மேல?" என்றேன். காடிக்குடம் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"அதெல்லாம் உன்கிட்ட சொல்ற மாதிரி இல்லப்பா."